பன்னிரண்டு மாதமும் ஒரு மேற்பார்வையாளரும்: ஒன்டாரியோவின் பொறியாளர் உரிம விதி குறித்து ஒரு மறுவாசிப்பு

ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமம் வழங்கும் அமைப்பு, வெளிநாட்டில் படித்து வந்தவர்களிடம் பன்னிரண்டு மாதக் கனேடிய அனுபவத்தை இனிக் கேட்பதில்லை என்று 2023 மே மாதம் முடிவு செய்தது. குடியேறியோரின் தொழில்வாழ்வை ஆராயும் ஒரு மரபு நெடுங்காலம் முன்வைத்த வாதத்துக்கு இது வெற்றியாகக் கொள்ளப்பட்டது. அந்த வாதத்தின் சாரம் எளிது. வந்திறங்கும் பொறியாளருக்கு உரிமம் இல்லாததால் வேலை கிடைப்பதில்லை. உரிமம் கிடைக்காததற்குக் காரணம் ‘கனடாவில்’ என்ற நிபந்தனை. அதை எடுத்துவிட்டால் உரிமம் வரும், பின்னாலேயே வேலையும் வரும். இந்தக் காரண வரிசை தலைகீழானது என்பதே என் கருத்து. வேலைக்கு உரிமம் தடையாக இருந்ததைவிட, உரிமத்துக்கு வேலை தடையாக இருந்ததே பெரிது. விதியை முழுவதும் படித்தால் இது தெரியும். மேற்கண்ட மரபு அதில் பாதியை மட்டுமே படித்தது.

ஒன்டாரியோ தொழில்முறைப் பொறியாளர் சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குவிதி 941இன் 33ஆம் பிரிவு விண்ணப்பதாரரிடம் 48 மாதப் பொறியியல் அனுபவத்தைக் கேட்டது. அதில் குறைந்தது பன்னிரண்டு மாதம் கனேடிய ஆட்சிப்பரப்புக்குள் ஈட்டப்பட்டிருக்க வேண்டும் என்றது. வாக்கியம் அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பன்னிரண்டு மாதமும் கனடாவில் பொறியியல் தொழில்புரியச் சட்டப்படி உரிமை பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் கழிந்திருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. ஆக, இடம் ஒரு நிபந்தனை, ஆள் இன்னொரு நிபந்தனை. விமர்சனம் முழுவதும் இடத்தின் மேல் விழுந்தது. ஆளைப் பற்றிய நிபந்தனை, யாரும் மறுக்காத சாதாரண நடைமுறை விவரம் போலக் கடந்து செல்லப்பட்டது.

இவ்விரண்டில் எது உண்மையில் வேலை செய்தது என்பதை அறிய, விதி யாரைத் தடுத்தது என்று பார்க்க வேண்டும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றுக் கலிஃபோர்னியாவில் நான்காண்டுகள் பணியாற்றிவிட்டு வீடு திரும்பும் கனேடியரை அது தடுத்தது. கோயம்புத்தூரில் பத்தாண்டு அனுபவத்தோடு வந்து, கால்கரியில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் கீழ் ஓராண்டு வேலை பார்த்தவரை அது தடுக்கவில்லை. மூன்றாவது ஒருவரையும் எண்ணிப்பாருங்கள். பிராம்ப்டனில் ஒரு வாகன உதிரிபாக ஆலை. அங்கே அழுத்தப்பொறிகளின் அச்சுகளை வடிவமைக்கும் பகுதியில் அவர் மூன்றாண்டுகளாக இருக்கிறார். செய்வது பொறியியல்தான், இருப்பது ஒன்டாரியோவில்தான். ஆனால் அவருடைய மேலாளர் உரிமம் பெற்றவர் அல்லர். விதியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அந்த மூன்றாண்டுகளில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. வெளியிலிருந்து உரிமம் பெற்ற ஒருவரைக் கண்காணிப்பாளராக அமர்த்திக்கொள்ளும் ஏற்பாட்டை உரிமம் வழங்கும் அமைப்பே வழிகாட்டியாகத் தந்திருந்தது உண்மைதான். ஆனால் ஆலை நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் வெளியார் ஒருவர் உள்ளே வந்து வேலையைப் பார்வையிட முடியுமா? அந்த மாற்றுவழியின் சாவியும் பணியளிப்பவர் கையிலேயே இருந்தது.

மேலாளருக்கு உரிமம் இல்லாமல் ஆலையில் பொறியியல் நடப்பது எப்படி என்று கேட்பவர்கள், ஒன்டாரியோ தொழில்முறைப் பொறியாளர் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். அதன் மூன்றாம் உட்பிரிவில் உள்ள விலக்குகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. தன் நிறுவனத்தின் உற்பத்திக்கான இயந்திரங்கள், கருவிகள் தொடர்பான பொறியியல் வேலையை அங்கே பணிபுரிபவர் உரிமமின்றிச் செய்யலாம் என்பது ஒன்று. 2010இல் இதை நீக்கச் சட்டமன்றம் வழிசெய்தது, ஆனால் அந்த நீக்கம் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. இரண்டாவது விலக்கு நம் வாதத்துக்கு மேலும் முக்கியமானது. உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டால், அவருக்குக் கீழே எவரும் பொறியியல் வேலை செய்யலாம். ‘பொறியாளர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது, வரைபடத்தில் முத்திரை குத்த முடியாது, அவ்வளவுதான். உரிமம் இல்லாதவரை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. உரிமம் இல்லாததால் வேலை இல்லை என்று எழுதியவர்கள் இந்தப் பிரிவை எப்படித் தாண்டிப் போனார்கள் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மேற்பார்வைக்குத் தரப்பட்ட இந்த எடை தற்செயலானது அல்ல. 1907 ஆகஸ்ட் 29 அன்று, கட்டிக்கொண்டிருந்தபோதே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் கியூபெக் பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் மடிந்தனர். அதன் ஆலோசனைப் பொறியாளர் தியோடர் கூப்பர் அந்நாளில் பெரும்புகழ் பெற்றவர்.  ஆனால் அவர் நியூயார்க்கிலேயே இருந்துவிட்டார். அழுத்தத்தில் வளையத் தொடங்கிய தண்டுகளைப் பற்றிக் களத்திலிருந்து வந்த செய்தியை எடைபோட்டு வேலையை நிறுத்தும் அதிகாரத்தோடு பாலத்தடியில் ஒருவரும் இல்லை. 1922இல் ஒன்டாரியோவில் பிறந்த பொறியாளர் சட்டத்துக்கு இந்த விபத்தே நேரடிக் காரணம் என்று கூற மாட்டேன். கனேடியப் பொறியாளர்களின் தொழில்நினைவில் அது பதித்துச் சென்றது, யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்ற கேள்வி. எந்த ஊரில் படித்தார் என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

இனி, மறுதரப்பு அதிகம் சார்ந்திருக்கும் சான்றுக்கு வருகிறேன். பிலிப் ஒரியோபூலஸ் டொராண்டோவில் நடத்திய தற்குறிப்புச் சோதனை 2009இல் ஆய்வறிக்கையாகவும் 2011இல் விரிந்த கட்டுரையாகவும் வெளிவந்தது. புனைந்துருவாக்கிய ஆயிரக்கணக்கான தற்குறிப்புகளை உண்மையான வேலை விளம்பரங்களுக்கு அனுப்பி, எதற்கு நேர்காணல் அழைப்பு வருகிறது என்று அவர் எண்ணினார். ஆங்கிலப் பெயர், கனேடியப் படிப்பு, கனேடிய அனுபவம் கொண்டவற்றுக்கு 16 விழுக்காடு அழைப்பு வந்தது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயரோடு படிப்பும் அனுபவமும் வெளிநாட்டினவாக இருந்தவற்றுக்கு 5 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை மட்டும் எடுத்து, இதோ பாகுபாடு என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். பாகுபாடு உண்டு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மற்ற எல்லாம் ஒன்றாக இருந்து பெயர் மட்டும் மாறியபோதே அழைப்பு 16இலிருந்து 11ஆக இறங்கியது.

ஆனால் ஆய்வின் நடுப்பகுதியில் இருக்கும் எண்களே நம் வழக்குக்கு வேண்டியவை. வெளிநாட்டுத் தற்குறிப்பில் அனுபவத்தை மட்டும் கனேடியதாக மாற்றியபோது 5 விழுக்காடு 11ஆக உயர்ந்தது, அதாவது இரட்டிப்புக்கும் மேல். நான்கு முதல் ஆறாண்டுக் கனேடிய அனுபவம் இருக்கும்போது பட்டம் கனேடியதா அயல்நாட்டதா என்பது அழைப்பை மாற்றவில்லை. வந்த பிறகு கூடுதலாக ஒரு கனேடியப் படிப்பைச் சேர்த்துக்கொண்டாலும் மாற்றவில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இன்றும் புதிதாய் வருபவருக்கு உறவினர் சொல்லும் முதல் அறிவுரை, “தம்பி, முதலில ஒரு கோர்ஸ் செய்யுங்கோ” என்பது. கல்லூரிக் கட்டணத்துக்காகக் கிடங்கில் இரவு வேலை பார்ப்பவர்களை எண்ணி மாளாது. அந்த அறிவுரைக்கு இந்தச் சான்றில் பிடிமானம் இல்லை.

இந்தச் சான்றைக் கவனமாகவே கையாள வேண்டும். அது பல தொழில்களைக் கலந்து அளந்தது. பொறியாளருக்கு மட்டும் என்ன விழுக்காடு என்று அதிலிருந்து சொல்லத் துணிய மாட்டேன். அழைப்பை எண்ணியதே தவிர, பணி நியமனத்தை எண்ணவில்லை. அது காட்டும் கனேடிய அனுபவம் பல ஆண்டுகளுக்குரியது, விதி கேட்டதோ ஓராண்டு. இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் ஒன்று நிற்கிறது. நிரலாளர், சந்தைப்படுத்துநர் போன்று உரிமமே தேவைப்படாத பணிகளும் அந்தச் சோதனையில் இருந்தன. எந்த ஒழுங்குவிதியும் கட்டாயப்படுத்தாத இடங்களையும் உள்ளடக்கிய சந்தையில் கனேடிய அனுபவத்துக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது. விதிதான் பணியளிப்போருக்கு இப்பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது என்ற வாதம் இங்கே தளர்ந்துபோகிறது. சந்தையில் முன்பே இருந்த பழக்கத்தை விதி தனக்குள் ஏற்றுக்கொண்டு, உரிமம் வழங்கும் பொது அதிகாரத்தின் ஒரு பகுதியைத் தனியார் பணியளிப்போரிடம் ஓசையின்றி ஒப்படைத்துவிட்டது என்பதே பொருந்தும் விளக்கம்.

உரிம அமைப்பு இதை உணர்ந்தே இருந்தது. ஓராண்டுக் கனேடிய அனுபவம் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறைவுசெய்தவர்களுக்குத் தற்காலிக உரிமம் என்று ஒன்றை அது வைத்திருந்தது. தகுதி இருக்கிறது, இனி ஒரு மேற்பார்வையாளரைத் தேடிக்கொள் என்பதுதான் அந்த ஆவணத்தின் பொருள். தேடித்தருவது யார் பொறுப்பு என்று அதில் இல்லை.

விதி எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் அதன் சுமை குடியேறியவர் மேலேயே அதிகம் விழுந்தது, எனவே அது மறைமுகப் பாகுபாடே என்பது வலுவான மறுப்பு. ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை கனேடிய அனுபவம் கேட்பதையே முதல்நோக்கில் பாகுபாடாகக் கருதியது. அதை நான் ஏற்கிறேன். நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயல்நாட்டுப் பட்டதாரிக்குத் தேர்வு வைத்ததைப் பாகுபாடு என்று ஆல்பர்ட்டா மனித உரிமைத் தீர்ப்பாயம் 2014இல் கூறியது, 2016இல் உயர்மன்றம் அதைத் தள்ளிவிட்டது. சுமை அதிகம் என்பது உண்மை. அந்தச் சுமை எதனால் ஆனது என்பதே என் கேள்வி. குளிர்நாட்டுக் கட்டட விதிகள் தெரிய வேண்டாமா என்ற இன்னொரு மறுப்பும் உண்டு. டொராண்டோவில் அடித்தளத்தை உறைபனி எட்டாத 1.2 மீட்டர் ஆழத்தில் வைக்க வேண்டும் என்பதை அறிய ஒரு பிற்பகல் போதும். அதற்கு ஓராண்டு தேவையில்லை.

2023க்குப் பிறகு என்ன மாறியது? இடம் போயிற்று. 48 மாதம் அப்படியே இருக்கிறது. 34 திறன்களைத் தன் பணி எடுத்துக்காட்டுகளால் நிறுவ வேண்டும், அவற்றை உடனிருந்து அறிந்தவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். சென்னையிலோ கொழும்பிலோ பார்த்த வேலையை அங்கிருந்த மேலதிகாரியே உறுதிப்படுத்தலாம் என்பது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மூடப்பட்ட நிறுவனங்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், போரில் சிதறிய அலுவலகங்கள் என்று வரும்போது இந்த ஏற்பாடு யாருக்குச் சாதகம் என்பது சொல்லாமலே விளங்கும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையிலும் இதே நிலைதான். இந்தியாவும் இலங்கையும் 2014இல் முழு உறுப்பினர்களாயின. அதற்கு முன் பட்டம் பெற்றவர்களுக்கு அதனால் பயனில்லை, பின்னர் படித்தவர்களிலும் உரிய தரச்சான்று பெற்ற பாடத்திட்டங்களில் படித்தவர்களுக்கே பயன். உரிமம் விரைவாகக் கிடைத்தாலும், 5 விழுக்காட்டுக்கும் 11 விழுக்காட்டுக்கும் இடையிலான பள்ளத்தை அது மூடும் என்று நம்ப எந்தச் சான்றும் நம் கையில் இல்லை.

மேற்பார்வையைப் பொதுப்பொறுப்பாக்க முடியாது என்று சொல்வதற்கில்லை. ஒன்டாரியோவிலேயே வழக்கறிஞர் மன்றம் பயிற்சி இடங்களின் பற்றாக்குறையைக் கண்டு, 2014இல் பல்கலைக்கழகம் வழியாக ஒரு மாற்றுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. மூத்த வழக்கறிஞர் ஒருவரைப் பிடிக்க முடியாத சட்டப் பட்டதாரிக்கு அதனால் ஒரு வழி பிறந்தது. நீர்விநியோகமும் மின்னுற்பத்தியின் கணிசமான பங்கும் பயணிகள் தொடருந்தும் பொது நிறுவனங்களின் கையில் உள்ள ஒரு மாகாணத்தில், பொறியாளருக்கு அத்தகைய ஓராண்டை ஏற்பாடு செய்வது அதைவிடக் கடினமானதாக இருக்க முடியாது.

ஆய்வாளர்களிடம் ஒரு கோரிக்கை. எத்தனை பேருக்கு உரிமம் வழங்கப்பட்டது என்ற எண்ணை வைத்து 2023 சீர்திருத்தத்தை மதிப்பிடத் தொடங்கிவிட வேண்டாம். ஒருவர் வந்திறங்கிய நாளுக்கும், உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரின் கீழ் முதல் வேலையில் சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை மாதம் கழிகிறது என்பதே அளக்கப்பட வேண்டியது. உரிம அமைப்புகளைக் கண்காணிக்கும் நியாயத்துவ ஆணையர் அலுவலகம் அந்தத் தரவை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும்.