பிராண்ட்ஃபோர்டு: கிராண்ட் ஆற்றங்கரை நகரமும் ஒரு நில வாக்குறுதியும்

பிராண்ட்ஃபோர்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் தென்பகுதியில், டொராண்டோவுக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில், கிராண்ட் ஆற்றின் கரையில் உள்ள நடுத்தர நகரமாகும். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 1,04,688. தொலைபேசி பற்றிய எண்ணம் உருவான ஊர் என்பதால் இது 'தொலைபேசி நகரம்' என்று அழைக்கப்படுகிறது. கலப்பைகளும் அறுவடை இயந்திரங்களும் செய்த தொழில் நகரமாகவும், ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி பிறந்த ஊராகவும் இது அறியப்படுகிறது. இந்தப் பெருமைகளுக்கு எல்லாம் முந்தியது இந்நகரின் நில வரலாறு. நகரம் நிற்கும் ஆற்றங்கரை 1784ஆம் ஆண்டு எழுத்து மூலமாகத் தொல்குடி மக்களுக்கு அளிக்கப்பட்டது. அது எப்படிக் கைமாறியது என்ற வழக்கு இன்னும் முடிவுக்கு வரவில்லை. பிராண்ட்ஃபோர்டின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

ஆறும் பள்ளத்தாக்கும்

கிராண்ட் ஆறு ஒன்டாரியோவின் டண்டாக் ஊரை அடுத்த மேட்டு நிலத்தில் தோன்றி, ஏறத்தாழ 300 கி.மீ. தெற்கு நோக்கி ஓடி, ஈரி ஏரியில் கலக்கிறது. ஐரோப்பியர் வருமுன் 'நியூட்ரல்' என்று பிரெஞ்சுக்காரர்களால் குறிக்கப்பட்ட தொல்குடியினர் இப்பகுதியில் சோளம் பயிரிட்டு வாழ்ந்தனர். 1650ஆம் ஆண்டை ஒட்டி நடந்த போர்களில் அவர்கள் சிதறினர். பின்னர் மிசிசாகா மக்கள் இங்கு வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்தனர்.

1784: ஹால்டிமண்ட் ஆணை

அமெரிக்க விடுதலைப் போரில், இன்றைய நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த ஹோடெனோஷோனி கூட்டமைப்பினருள் பலர் பிரிட்டன் பக்கம் நின்று போரிட்டனர். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனிக்கா, டஸ்கரோரா என்னும் ஆறு இனங்கள் சேர்ந்தது இக்கூட்டமைப்பு. ஆங்கிலத்தில் இவர்களைச் 'சிக்ஸ் நேஷன்ஸ்' என்பர். போர் 1783இல் பிரிட்டனின் தோல்வியில் முடிந்தது. அப்போது செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கையில், பிரிட்டனுக்குத் துணைநின்ற இம்மக்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர்களது தாயகம் அமெரிக்காவின் வசமாயிற்று.

மோஹாக் தலைவர் தயெண்டனேகா, ஆங்கிலப் பெயரில் ஜோசப் பிராண்ட் (1743–1807), இழந்த நிலத்துக்கு ஈடு கேட்டார். பிரிட்டன் முதலில் மிசிசாகா மக்களிடமிருந்து இப்பகுதியை விலைக்கு வாங்கியது. பிறகு 1784 அக்டோபர் 25 அன்று கியூபெக் ஆளுநர் பிரடெரிக் ஹால்டிமண்ட் ஓர் ஆணை பிறப்பித்தார். கிராண்ட் ஆற்றின் முகத்துவாரம் முதல் பிறப்பிடம் வரை, இரு கரைகளிலும் ஆறு மைல் அகலத்துக்கு, மோஹாக் மக்களும் அவர்களோடு குடிபெயர்வோரும் தலைமுறை தலைமுறையாக நிலத்தை அனுபவித்துக்கொள்ளலாம் என்பது அந்த ஆணை. அதன் பரப்பு சுமார் 9,50,000 ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது.

பிராண்டின் தலைமையில் வந்த மக்கள் ஆற்றங்கரையில் குடியேறி, 1785இல் மரத்தாலான ஒரு சிற்றாலயம் கட்டினர். மோஹாக் சிற்றாலயம் எனப்படும் அது இன்றும் பிராண்ட்ஃபோர்டில் நிற்கிறது. ஒன்டாரியோவில் எஞ்சியுள்ள புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் அதுவே மிகப் பழமையானது. பிராண்டின் கல்லறையும் அதன் வளாகத்தில்தான் உள்ளது.

துறை ஊரான கதை

ஆற்றில் ஆழம் குறைந்து, இறங்கிக் கடக்க வசதியான இடத்தைத் தமிழில் துறை என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்குப் 'ஃபோர்டு' என்று பெயர். பிராண்டின் மக்கள் கிராண்ட் ஆற்றைக் கடந்த துறையே 'பிராண்ட்ஸ் ஃபோர்டு' ஆகி, பின் பிராண்ட்ஃபோர்டு ஆயிற்று. இவ்வாறு நகரின் பெயரிலேயே அதன் முதல் உரிமையாளர்களின் நினைவு பதிந்திருக்கிறது.

ஹாமில்டனிலிருந்து லண்டன் என்னும் ஒன்டாரியோ ஊருக்குச் செல்லும் சாலை இத்துறையைக் கடந்து சென்றதால் கடைகளும் சத்திரங்களும் இங்கே முளைத்தன. 1830இல் நகர் அமைப்பதற்காகச் சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்திலிருந்து சுமார் 800 ஏக்கர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, மனைகளாக அளக்கப்பட்டது. 1847இல் ஊர் பேரூராகவும் 1877இல் நகராகவும் உயர்ந்தது.

சுற்றியுள்ள நிலமும் இதே காலத்தில் கைமாறியது. தன் மக்களுக்கு வருவாய் வேண்டிப் பிராண்ட் தம் காலத்திலேயே பெரும் பகுதிகளை விற்றிருந்தார். வெள்ளையர் அனுமதியின்றிக் குடியேறுவதும் தொடர்ந்தது. குடியேறியவர்களை வெளியேற்ற இயலாது என்று கூறிய அரசு, 1841இல் பெரும்பகுதி நிலத்தைச் சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் தன் பொறுப்பில் விட்டுவிட்டதாகப் பதிவு செய்தது. அந்த ஒப்படைப்பு முறையானதன்று என்பது அம்மக்களின் வாதம். நிலத்தை விற்ற பணம் அவர்கள் பெயரில் அரசின் பொறுப்பில் வைக்கப்பட்டது.

கால்வாயில் போன பணம்

அந்தப் பணத்துக்கு நேர்ந்த கதியைக் கிராண்ட் ஆற்றுப் படகுப் போக்குவரத்து நிறுவனத்தின் வரலாறு காட்டுகிறது. ஆற்றில் அணைகளும் மதகுகளும் கட்டி, ஈரி ஏரியிலிருந்து பிராண்ட்ஃபோர்டு வரை சரக்குப் படகுகளை விடுவதற்காக 1832இல் இந்நிறுவனம் பதிவாயிற்று. சிக்ஸ் நேஷன்ஸ் மக்களின் பணத்தை அரசு அதிகாரிகள் இதன் பங்குகளில் முதலீடு செய்தனர். அம்மக்களின் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயன் இல்லை.

1848இல் கால்வாய் பிராண்ட்ஃபோர்டை எட்டியது. ஆனால் 1854இல் இரயில் பாதையும் வந்து சேர்ந்தது. குளிர்காலத்தில் உறைந்துபோகும் கால்வாயால் ஆண்டு முழுதும் ஓடும் இரயிலுடன் போட்டியிட முடியவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனம் வீழ்ந்தது, முதலீடும் மறைந்தது. நகரம் வளர்வதற்குக் கால்வாயும் பயன்பட்டது, இரயிலும் பயன்பட்டது. கால்வாய்க்குப் பெரும் பணம் கொடுத்தவர்களுக்கு எதுவும் திரும்பவில்லை.

தொலைபேசி நகரம்

அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் இரு சகோதரர்கள் காசநோயால் இறந்தபின், 1870இல் அவரது பெற்றோர் நல்ல காற்றை நாடிப் பிரிட்டனிலிருந்து பிராண்ட்ஃபோர்டுக்கு அருகில் ஆற்றை நோக்கிய ஒரு மேட்டு வீட்டில் குடியேறினர். பெல் பாஸ்டன் நகரில் காதுகேளாதோருக்குக் கற்பித்து வந்தார். கோடை விடுமுறைகளில் பெற்றோரிடம் வருவார். 1874ஆம் ஆண்டுக் கோடையில் இவ்வீட்டில்தான், மனிதக் குரலின் அதிர்வை மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றி அனுப்பலாம் என்ற கருத்து அவர் மனத்தில் தெளிவடைந்தது. கருவி உருவானது பாஸ்டனில்.

1876 ஆகஸ்ட் 10 அன்று, பிராண்ட்ஃபோர்டிலிருந்து பேசிய குரலை சுமார் 13 கி.மீ. தொலைவிலுள்ள பாரிஸ் என்னும் சிற்றூரில் இருந்து பெல் கேட்டார். தந்திக் கம்பி வழியே ஒரு திசையில் மட்டும் நடந்த அந்தச் சோதனை, தொலைதூரத் தொலைபேசி அழைப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. பெல் குடும்பத்தின் வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

கலப்பை நகரம்

ஹாரிஸ் குடும்பத்தின் அறுவடைக் கருவித் தொழிற்சாலை 1872இல் பிராண்ட்ஃபோர்டுக்கு வந்தது. 1891இல் அது டொராண்டோவின் மாசி நிறுவனத்தோடு இணைந்து மாசி–ஹாரிஸ் ஆயிற்று. 1877இல் ஜேம்ஸ் காக்ஷட் தொடங்கிய கலப்பை நிறுவனமும் பெரிதாக வளர்ந்தது. கனடாவின் மேற்குப் புல்வெளிகள் கோதுமை வயல்களாக மாறியபோது, அந்த மண்ணைக் கீறியவற்றில் பிராண்ட்ஃபோர்டின் கலப்பைகளும் இருந்தன. அப்புல்வெளிகளும் தொல்குடியினர் வாழ்ந்த நிலமே.

ஹாரிஸ் குடும்பத்தில் 1885இல் இங்கு பிறந்த லாரன் ஹாரிஸ், 'ஏழ்வர் குழு' என்னும் கனடிய ஓவியர் குழுவின் முன்னோடியானார். நகருக்கு அருகே சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்தில் 1861இல் பிறந்த பாலின் ஜான்சன், மோஹாக் தலைவருக்கும் ஆங்கிலேயப் பெண்மணிக்கும் மகள். 1886இல் ஜோசப் பிராண்டுக்கு நகரின் பூங்காவில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது அதற்கான கவிதையை எழுதியவர் அவரே. பின்னாளில் கனடா முழுவதும் மேடையேறித் தம் கவிதைகளைச் சொல்லிப் புகழ்பெற்றார்.

மோஹாக் உறைவிடப் பள்ளி

பிராண்டுக்குச் சின்னம் எழுப்பிய அதே நகரில், அவர் இனத்துக் குழந்தைகளின் மொழியை மறக்கடிக்கும் பள்ளியும் நடந்துகொண்டிருந்தது. 1828இல் பகல்நேரப் பள்ளியாகத் தொடங்கிய மோஹாக் கல்விக்கூடம் 1830களில் உறைவிடப் பள்ளியானது. கனடாவில் மிக நீண்டகாலம் நடந்த இவ்வகைப் பள்ளிகளுள் இது ஒன்று. குழந்தைகள் தாய்மொழி பேசினால் தண்டிக்கப்பட்டனர். நாளின் ஒரு பகுதி வகுப்பிலும் மறுபகுதி பண்ணை வேலையிலும் கழிந்தது. நாள்தோறும் ஓட்ஸ் கஞ்சியே உணவாகக் கிடைத்ததால் மாணவர்கள் இப்பள்ளியைக் 'கஞ்சிக் குழி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1903இல் மாணவர்களே கட்டடத்துக்குத் தீ வைத்தனர், மீண்டும் கட்டினார்கள். 1970இல்தான் பள்ளி மூடப்பட்டது.

1972இல் அங்கே உட்லண்ட் பண்பாட்டு மையம் தோன்றியது. 2013இல் கூரை ஒழுகிப் பெருஞ்சேதம் ஏற்பட்டபோது, கட்டடத்தை இடிப்பதா காப்பதா என்று சிக்ஸ் நேஷன்ஸ் மக்களிடம் கேட்கப்பட்டது. மிகப் பெரும்பான்மையோர் காக்க வேண்டும் என்றனர். நடந்ததை மறுப்போருக்குக் காட்டச் சான்று வேண்டும் என்பதே அதன் காரணம். நிதி திரட்டும் இயக்கத்துக்கும் 'சான்றைக் காப்போம்' என்ற பொருளிலேயே பெயரிடப்பட்டது.

நீதிமன்றம் வரை

1923இல் கயூகா தலைவர் டெஸ்காஹே ஜெனீவா சென்று, சிக்ஸ் நேஷன்ஸ் ஒரு தனி நாட்டினம் என்று சர்வதேச சங்கத்தில் முறையிட முயன்றார். அவருக்கு அவையில் பேச இடம் கிடைக்கவில்லை. 1924இல் கனடிய அரசு மரபுவழித் தலைவர்களின் அவையை நீக்கி, தேர்தல் முறை மன்றத்தை ஏற்படுத்தியது. 1995இல் அந்த மன்றமே, நிலத்துக்கும் பணத்துக்கும் கணக்குக் கேட்டுக் கனடா, ஒன்டாரியோ அரசுகள் மீது வழக்குத் தொடுத்தது. 2006இல் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள கலடோனியாவில் வீட்டுமனைத் திட்டம் ஒன்றைச் சிக்ஸ் நேஷன்ஸ் மக்கள் முற்றுகையிட்டனர். மாகாண அரசு அந்த மனைகளை விலைகொடுத்து வாங்க நேர்ந்தது.

இன்று சிக்ஸ் நேஷன்ஸ் ஒதுக்கீட்டு நிலம் சுமார் 46,000 ஏக்கர். ஹால்டிமண்ட் ஆணை குறிப்பிட்ட பரப்பில் இது இருபதில் ஒரு பங்கும் இல்லை.

வீழ்ச்சியும் மீட்சியும்

1980களில் வேளாண் இயந்திரத் தொழில் நலிந்தது. 1988இல் மாசி கம்பைன்ஸ் நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நகரின் நடுப்பகுதியில் கடைகள் மூடிக்கிடந்தன. 1999இல் வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகம் பழைய கார்னகி நூலகக் கட்டடத்தில் 39 மாணவர்களுடன் ஒரு கிளையைத் தொடங்கியது. அக்கிளை வளர வளர நகரின் நடுப்பகுதிக்கும் மீண்டும் உயிர் வந்தது. ஆயினும் 2010இல் கோல்போர்ன் தெருவின் ஒரு பக்கத்தில் 41 பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டன. மரபுச் சின்னங்களைக் காக்க விரும்பியோர் அதைப் பேரிழப்பாகக் கருதினர்.

ஒரே ஆறு, இரு கரைகள்

ஆறு இன்றும் நகரின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. 2018 பிப்ரவரியில் பனிக்கட்டிகள் அடைத்து ஆறு பெருகியபோது சுமார் 4,900 பேர் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். நகரின் குடிநீர் முழுவதும் கிராண்ட் ஆற்றிலிருந்தே எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. நகரின் கழிவுநீரும் சுத்திகரிப்புக்குப் பின் அதே ஆற்றில் சேர்ந்து, கீழே உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் நிலத்தின் வழியே செல்கிறது. அங்கே சுத்திகரிப்பு நிலையம் இருந்தும், பல வீடுகளுக்குக் குழாய் இணைப்பு எட்டவில்லை. அவர்கள் கிணற்றையும் தொட்டியில் நிரப்பிய நீரையும் நம்பி வாழ்கின்றனர்.

பிராண்ட்ஃபோர்டில் ஒருவர் குழாயைத் திறந்தால் வருவது 1784ஆம் ஆண்டு ஆணையில் பெயர் சொல்லப்பட்ட அந்த ஆற்றின் நீர்தான். அந்த ஆணையைப் பெற்றவர்களின் வழித்தோன்றல்களில் பலருக்கு அந்த நீர் இன்னும் வீடு தேடி வரவில்லை. நில வழக்கின் தீர்ப்பு எப்படி அமைந்தாலும், இந்த வேறுபாடு நீங்குவதே பழைய வாக்குறுதி எந்த அளவு மதிக்கப்படுகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கும்.