1947 ஆம் ஆண்டுத் தேர்தலும் மன்னார்த் தொகுதியும்

தேர்தற் காலத்திலே நம் ஊர்த் திண்ணைகளிற் பேச்சுக்குப் பஞ்சமில்லை. வாக்குகளை எண்ணி முடித்ததும் ஆட்சி யாருக்கென்பதும் தீர்ந்துவிட்டதாகக் கருதி எழுந்து போய்விடுகிறோம். உண்மையில், அரசாங்கத்தை அமைக்கும் கணக்கு அப்பொழுதுதான் தொடங்குகிறது. இதனை அறிய இங்கிலாந்தின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. நம் மன்னார்த் தொகுதியின் கதையே போதும்.

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி 1947 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இலங்கையின் முதற் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. பிரதிநிதிகள் சபையில் 101 பேர். அவர்களுள் 95 பேரை மக்கள் தெரிந்தனர், அறுவர் நியமன அங்கத்தவர். டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 ஆசனங்களே. நியமன அங்கத்தவர் அறுவரையும் கூட்டினாலும் 48. பெரும்பான்மைக்கோ 51 வேண்டும். எதிரணியினர் கொழும்பிலே எச். ஸ்ரீ நிசங்கவின் 'யமுனா' இல்லத்திற் கூடி மாற்று அரசாங்கம் அமைக்க முயன்றனர். ஒற்றுமையின்மையால் அது கைகூடவில்லை.

ஆகவே, கட்சி சாராத சுயேச்சை அங்கத்தவர் 21 பேரும் தராசின் முள்ளாயினர். மன்னாரில் வென்ற சி. சிற்றம்பலம் தபால் தந்தி மந்திரியானார். வவுனியாவில் வென்ற சி. சுந்தரலிங்கம் வர்த்தக மந்திரியானார். சிறிய தொகுதிக்குப் பெரிய மதிப்பு! அக்காலத்துப் பெருமையை முதியோர் சொல்ல நாமும் கேட்டிருக்கிறோம்.

ஆனால் மந்திரிப் பதவி வெறும் மாலை மரியாதை அன்று. மந்திரிசபைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. உள்ளே எவ்வளவும் வாதாடலாம். சபைக்கு வந்தபின் அரசாங்கத்தோடு நிற்க வேண்டும், அன்றேல் விலக வேண்டும். 1948 இல் இந்தச் சோதனை வந்தது. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. அவர்களின் முன்னோர் எவ்வழியே வந்தவர்கள்? நம் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை மசோதாவை ஒட்டி எழுந்த பிணக்கிலே சுந்தரலிங்கம் அவ்வாண்டு டிசெம்பரிற் பதவியை நீங்கினார். சிற்றம்பலம் தொடர்ந்து இருந்தார்.

இருவருள் எவர் செய்தது சரி என்று இளைஞர் மன்றங்களில் இன்றும் வாதிடலாம். நமக்குத் தோன்றுவது வேறு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் 1948 இலேயே மந்திரியாகி, தமிழ்க் காங்கிரசாரில் ஒரு பகுதியினரும் அரசாங்கத்தின் பக்கம் சேர்ந்தபின், கட்சியில்லாத தனியொருவரின் வாக்குக்கு முன்னிருந்த விலை இல்லை. அரசாங்கத்தை அமைக்க அவர் தேவைப்பட்டார். சட்டத்தைத் தடுக்க அவராற் கூடவில்லை. கட்சி என்ற பலத்தின் தேவையை மன்னார் வாக்காளரும் உணர்ந்திருக்க வேண்டும். 1956 இலே தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோனைத் தெரிந்து அனுப்பினர்.

மலையக மக்களோ 1947 இலே தம் பிரதிநிதிகளைச் சபைக்கு அனுப்பியவர்கள். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களிற் பெரும்பாலாருக்கு வாக்கே இல்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003 இலே.