கொடுங்கோலன்: வளைந்த கோலின் கதை

1/ போன வாரம் ஓ.பி.யில விக்கிரமங்கலத்துப் பெரியவர் ஒருத்தர். மூட்டு வலி. கையில வேப்பங்கோல், நடுவுல நல்லா வளைஞ்சிருந்துச்சு. "வேற கோல் வெச்சுக்கங்கய்யா"ன்னேன். "கோணக் கோலு ஆளைத் தாங்காதுதான் சார்"னு சிரிச்சார். அன்னிக்கு ராத்திரி 'கொடுங்கோல்' மண்டையில சுத்த ஆரம்பிச்சிருச்சு. அதைப் பத்தி ஒரு த்ரெட்.

2/ கொடுங்கோலன்னா கொடூரமானவன்னுதான் நினைச்சுக்கறோம். ஆனா 'கொடு' என்பதற்கு வளைந்த என்று ஒரு பழைய பொருள் உண்டு. கொடுவாள்னா வளைஞ்ச வாள். செந்தமிழுக்கு எதிர்ச்சொல் கொடுந்தமிழ். அது கொடூரமான தமிழ் இல்ல, இலக்கண வழக்கிலிருந்து விலகின வட்டாரப் பேச்சு. செங்கோல்ல 'செம்' சிவப்பு இல்லீங்க, செம்மை. அதாவது நேர்.

3/ ஆக, கொடுங்கோலனுக்கு அடையாளம் கோபமோ அரிவாளோ இல்ல. நேரா நிக்க வேண்டிய கோல் ஒரு பக்கமா சாயுறது.

4/ திருக்குறள்ல 55வது அதிகாரம் செங்கோன்மை, அடுத்த 56வது கொடுங்கோன்மை. கோல் பிடிச்சவன் குடிகள்கிட்ட பணம் கேக்கறது, வேல் பிடிச்ச வழிப்பறிக்காரன் கேக்கற மாதிரிங்கிறார் வள்ளுவர். இன்னொண்ணும் சொல்றார்: தினம் தினம் ஆராய்ஞ்சு முறை செய்யாத மன்னனோட நாடு தினம் தினம் கெடும். கவனிங்க, தினம் தினம்.

5/ சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடூரன் கிடையாது. பொற்கொல்லன் சொன்னதை விசாரிக்காம நம்பினான், கோவலன் செத்தான். ஒரே ஒரு தீர்ப்பு. தப்புன்னு தெரிஞ்சதும் அரியணையிலேயே உயிரை விட்டான். வளைஞ்ச கோலை அந்த உயிர்தான் நிமிர்த்துச்சுன்னு சேரன் செங்குட்டுவன் வாயால காப்பியம் சொல்லுது.

6/ கிரேக்கத்துல 'துரான்னோஸ்'னா முதல்ல முறைப்படி வராம ஆட்சியைப் பிடிச்சவன், அவ்வளவுதான். மக்களுக்குப் பிடிச்சவங்களும் அதுல இருந்தாங்க. கெட்ட பொருள் பின்னாடிதான் கெட்டியாச்சு. அவங்க சொல் 'எப்படி வந்தான்'னு கேட்டுச்சு. நம்ம சொல் 'வந்து எப்படி நடந்துக்கறான்'னு கேக்குது.

7/ சரி, கோல் வளைஞ்சா குடிகள் என்ன பண்ணாங்க? நம்ம பெரம்பலூர் மாவட்டத்து ஆடுதுறைக்கே வாங்க. 1429, விஜயநகர ஆட்சி, இரண்டாம் தேவராயர் காலம். அதிகாரிகளும் காணியாளர்களும் வரி கேட்டு வாட்டினாங்க. எதிரும் புதிருமா இருந்த வலங்கையும் இடங்கையும் ஒண்ணாக் கூடி, எதுக்கு எவ்வளவு கட்டுவோம்னு தாங்களே முடிவு பண்ணி கல்லுல வெட்டினாங்க. விருத்தாசலம், கொறுக்கையிலும் இதே கலகத்தோட கல்வெட்டுகள் இருக்கு. ஜப்பானிய ஆய்வாளர் நொபொரு கராஷிமா இதை விரிவா ஆராய்ஞ்சிருக்கார்.

8/ அவங்க வெட்டினது வசவு இல்ல, அளவு. இந்தப் பயிருக்கு இவ்வளவு, இந்தத் தொழிலுக்கு இவ்வளவு. வளைவைக் காட்டணும்னா பக்கத்துல ஒரு நேர்கோடு வேணும்ல?

9/ முறிஞ்ச எலும்பு வளைஞ்சு கூடிட்டா, நேராக்க மறுபடி உடைக்க வேண்டி வரலாம். ஆரம்பத்துலயே பாத்திருந்தா பல நேரம் மாவுக்கட்டே போதும். வள்ளுவரோட 'தினம் தினம்' எனக்கு அப்படித்தான் புரியுது.

10/ அதனால பிடிக்காத ஆளையெல்லாம் கொடுங்கோலன்னு சொல்லி அந்தச் சொல்லை மழுங்கடிக்காதீங்க. விசாரிச்சாரா, எல்லாருக்கும் ஒரே அளவான்னு கேளுங்க. தெரிஞ்சவங்க வந்தா வரிசையைத் தாண்டிக் கூப்பிடுற டாக்டர்கிட்டயும் கேக்கலாம். நானும் அப்படிக் கூப்பிட்டிருக்கேன்.