மட்டையும் மணிக்கட்டும்

வன்னியிலே கோடரிக்குப் பிடி போடுபவர் எவரும் காட்டில் முதலிற் கண்ட கொம்பை வெட்டிக்கொண்டு வீடு திரும்புவதில்லை. நாரோட்டம் நேராக உள்ளதா, கைக்குப் பாரமாக இருக்குமா, வெட்டும்போது அதிர்வு தோள்வரை ஏறுமா என்றெல்லாம் பார்த்தே தெரிவு செய்வர். கிட்டிப்புள்ளு ஆடும் சிறுவனும் தன் கைக்கு இசைந்த கோலைத் தேடியே எடுக்கின்றான். தூரம் வேண்டுமா, குறி வேண்டுமா என்னும் வினா அவனுக்கும் உண்டு. டெனிஸ் மட்டையின் வரலாறும் பெரும்பாலும் இவ்வொரு வினாவின் வரலாறே.

இவ்வாட்டத்தின் மூதாதை பிரான்சு நாட்டிலே வெறுங்கையால் ஆடப்பட்டது. உள்ளங்கையே அன்றைய மட்டை. பின்னர் கையுறை வந்தது. அதன்பின் நரம்பு கட்டிய மட்டை வந்தது. 1874 இல் மேஜர் விங்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் புல்தரை ஆட்டத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். 1877 இல் விம்பிள்டன் போட்டி தொடங்கிற்று. அக்காலந்தொட்டு ஏறத்தாழ நூறாண்டுகள் மட்டை என்றால் மரமட்டைதான். ஆஷ் என்னும் குளிர்நாட்டு மரத்தை வளைத்துச் சட்டமாக்கி, விலங்கின் குடலைத் திரித்த நரம்பால் அதனைப் பின்னினர். எடை 13 அல்லது 14 அவுன்ஸ். தலையின் பரப்பு எழுபது சதுர அங்குலத்துக்கு உட்பட்டது. ஈரம் பட்டாற் சட்டம் கோணும் என்பதனால், ஆட்டம் முடிந்ததும் நான்கு மூலையிலும் திருகாணி பூட்டிய மரக்கவ்வியில் அதனை இறுக்கி வைப்பர். ஐப்பசி கார்த்திகை மாரியிலே கதவுகூடப் பூட்ட வராத நம் பகுதிகளில் இம்மட்டை என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

மரமட்டை ஆட்டக்காரனுக்கு எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. பந்து நடுவிலே பட்டால் நன்று. ஓரத்திலே பட்டால் மட்டை கைக்குள் திருகிக்கொள்ளும். விசை வேண்டுமாயின் தோளும் இடுப்பும் உழைக்கவேண்டும். ஆனால், சட்டம் சற்றே வளைந்து கொடுத்தமையால், பந்து எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்னும் செய்தி மணிக்கட்டுக்குத் தெளிவாக வந்து சேர்ந்தது. குறிபார்த்து ஆடுபவருக்கு அச்செய்தியே செல்வம்.

அச்செல்வத்தைப் பேணி வளர்த்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் இராமநாதன் கிருஷ்ணன். தென்காசியைச் சேர்ந்தவரும் தாமே டெனிஸ் வீரருமான தந்தை டி. கே. இராமநாதனே அவருக்கு ஆசான். 1954 இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். ஆசியாவிலிருந்து அப்பட்டத்தைப் பெற்றவர்களுள் அவரே முதல்வர். 1960 இலும் 1961 இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றார். முதலாண்டிலே நீல் ஃபிரேசரிடமும் மறு ஆண்டிலே ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அவ்வவ்வாண்டில் பட்டம் வென்றவர்கள். 1961 இல் அரையிறுதிக்கு முன் அவரிடம் தோற்றவர் ராய் எமர்சன்!

கிருஷ்ணனின் முதலடியில் வேகம் இல்லை என்பது ஊரறிந்த உண்மை. எதிரியைத் திகைக்கவைக்கும் பேரடியும் அவரிடம் இல்லை. எதிரி எங்கே இல்லையோ அங்கே பந்தை மெல்ல வைக்கும் ஆற்றல் இருந்தது. 1966 இல் கல்கத்தாவில் டேவிஸ் கிண்ணத்துக்காகப் பிரேசில் நாட்டுத் தாமஸ் கோக்கை எதிர்த்தபோது, இரண்டுக்கு ஒன்று எனப் பின்தங்கி, நான்காவது சுற்றிலும் 2-5 என்று நின்றார். தோல்வி வாசல்வரை வந்துவிட்டது. அங்கிருந்து 7-5, 6-2 என்று மீண்டு வென்று, இந்தியாவை முதன்முறையாக அக்கிண்ணத்தின் இறுதி ஆட்டத்துக்கு இட்டுச் சென்றார். அத்தகைய வேளையில் விசையைக் கூட்ட முற்படுபவன் பெரும்பாலும் வலையிலே அடிப்பான்.

அதன் பின்னர் மட்டையே மாறத் தொடங்கிற்று. பிரெஞ்சு வீரர் ரெனே லாகோஸ்ட் வகுத்த உருக்குச் சட்டம் 1967 இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1976 இல் ஹோவர்ட் ஹெட் என்பவர் 110 சதுர அங்குலத் தலை கொண்ட மட்டையைக் கொணர்ந்தார். முதலிற் பலர் நகைத்தனர். 1977 இல் ஒரு விந்தை நிகழ்ந்தது. நரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகருமாறு இரட்டை அடுக்காகப் பின்னிய மட்டை ஒன்று தோன்றிப் பந்துக்கு அளவிறந்த சுழற்சியைத் தந்தது. அதனை ஏந்திய நஸ்டாஸேயின் எதிரே, களிமண் தரையில் 53 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றிருந்த வில்லாஸ் இரு சுற்றுகளோடு ஆடுகளத்தை விட்டே வெளியேறினார். அம்மட்டை தடைசெய்யப்பட்டது. மட்டை என்றால் இன்னது என்று விதிநூல் வரையறுத்ததே அதன்பின், 1978 இல்தான். கருவி ஆளின் வேலையை எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஓர் எல்லை அப்பொழுதுதான் எழுத்தில் வந்தது.

மரமட்டையால் பெரும் பட்டமொன்றை இறுதியாக வென்றவர் 1983 இல் பாரிசில் யானிக் நோவா. எனினும் மென்கை ஆட்டம் மரத்தோடு மடிந்துவிடவில்லை. கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷ் 1979 இல் தந்தை பெற்ற அதே இளையோர் பட்டத்தைப் பெற்றார். 1989 இல் ஆஸ்திரேலியாவில், அப்பொழுது உலகின் முதல்வராயிருந்த விலாண்டரையும் வீழ்த்தினார். ரோஜர் ஃபெடரர் 90 சதுர அங்குல மட்டையை நெடுங்காலம் விடாது பற்றியிருந்தார். 2014 இல் 97க்கு மாறினார். 2017 இல் ஆஸ்திரேலியப் பட்டத்தை வென்றது அப்புதிய மட்டையாலேயே. சிறிய தலைதான் குறிக்கு உகந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோர் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ ஒரு மாணவி குறிக்கென்று மட்டை தேடுவாளாயின், முதலில் தலையைப் பார்க்கலாம்: 95 முதல் 98 சதுர அங்குலம் போதும். சட்டம் மெல்லியதாகவும் சற்று வளைந்து கொடுப்பதாகவும் இருத்தல் வேண்டும். விறைத்த தடித்த சட்டம் பந்தை விரைந்து தள்ளும். கைக்குச் செய்தி சொல்லாது. 300 கிராமுக்கு மேற்பட்ட எடை, பந்து ஓரத்தில் பட்டாலும் திருகாமல் நிற்கும். ஆனால் கை தாங்காத எடை குறியையும் கெடுக்கும். நரம்பு நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்தால் பந்து புறப்படும் கோணம் பெரிதும் மாறாது. பிடியைப் பற்றியபின் மோதிரவிரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையே மறுகையின் சுட்டுவிரல் ஒன்று அடங்குமாயின் பிடியின் அளவு சரி.

நரம்பின் இறுக்கம் இன்னொரு செய்தி. தளர்ந்தால் விசை கூடும். இறுகினால் பந்து சொற்கேட்கும். பியோர்ன் போர்க் ஏறத்தாழ 80 இறாத்தல் இறுக்கத்திலே நரம்பு கட்டுவித்தார். நள்ளிரவில் விடுதி அறையிலே அவை தாமாகவே அறுந்து ஒலியெழுப்பும் என்பர். அவ்வளவு இறுக்கம் இளங்கைக்கு ஆகாது. இக்காலத்தில் ஐம்பது, ஐம்பத்தைந்து இறாத்தலே பெரும்பாலோர்க்குப் போதும். யாரோ ஆடிவிட்டுத் தந்த பழைய மட்டைதான் கையிற் கிடைத்தது என்றாலும் கவலையில்லை. சட்டத்தில் வெடிப்பு இல்லையாயின், நரம்பை மட்டும் புதிதாய்க் கட்டுவித்து, ஆடுகளத்தின் மூலையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, அதன்மேல் பந்து விழும்வரை அடித்துப் பார்க்கலாம்.