தீட்டுக்கல்: நாஞ்சில் நாட்டின் கூர்மையும் ஈரமும்

கத்தி, அரிவாள், உளி முதலிய கருவிகளின் மழுங்கிய வாயைத் தேய்த்துக் கூராக்க உதவும் கல் தீட்டுக்கல் எனப்படும். சுழலும் வட்டாக அமைந்தது சாணை. பேச்சு வழக்கில் இரண்டையுமே சாணைக்கல் என்று சொல்வதுண்டு. தண்ணீர் விட்டுத் தீட்டுவது, எண்ணெய் விட்டுத் தீட்டுவது எனத் தீட்டுக்கற்கள் இரு வகைப்படும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, தமது ‘இயற்கை வரலாறு’ நூலிலேயே இப்பிரிவைக் குறிப்பிட்டுள்ளார்.

தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லுக்குத் தண்ணீர்தான் உயிர். வேலை முடிந்தபின் முறையாக உலர்த்தாவிட்டால் அதே தண்ணீர் கல்லையும் கருவியையும் கெடுத்துவிடும். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில், கருவியின் கூர்மையை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது அன்றாடக் கவலையாக இருந்தது.

தொன்மையும் சொல்லும்

உலோகம் வருவதற்கு முன்பே கல்லைத் தீட்டும் பழக்கம் வந்துவிட்டது. புதிய கற்கால மனிதர் தம் கற்கோடரிகளைப் பாறையில் நீரும் மணலும் சேர்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினர். அவ்வாறு தேய்த்த பள்ளங்களைக் கர்நாடக மாநிலம் பெல்லாரிக்கு அருகிலுள்ள சங்கனகல்லுப் பகுதிப் பாறைகளில் இன்றும் காணலாம். நாஞ்சில் நாட்டுக்கு அருகே தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில், அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வில் இரும்பு வாள்களும் ஈட்டிகளும் பிற கருவிகளும் கிடைத்தன. இரும்பு வந்த இடத்தில் அதைத் தீட்டும் கலையும் வளர்ந்திருக்க வேண்டும். திருக்குறளில் தேய்க்கும் கருவியான ‘அரம்’ மூன்று குறள்களில் (567, 888, 997) உவமைப் பொருளாக வருகிறது.

வைரத்துக்கு அடுத்த கடினமுடைய கனிமத்துக்குத் தமிழில் குருந்தம் என்று பெயர். இக்கல் கொங்கு நாட்டில், குறிப்பாக நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கிறது. குருந்தக்கல் பொடியை அரக்கில் கலந்து வட்டாக வார்த்துச் சாணை செய்வது இந்தியக் கைவினைஞரின் பழைய முறை. ஆங்கிலத்தில் இக்கனிமத்தைக் குறிக்கும் ‘கொரண்டம்’ என்ற சொல் தமிழ்க் குருந்தத்திலிருந்து பிறந்தது. அமெரிக்கரான எட்வர்டு அச்சிசன் 1890களின் தொடக்கத்தில் மின் உலையில் சிலிக்கன் கார்பைடை உருவாக்கினார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று கருதி ‘கார்போரண்டம்’ எனப் பெயரிட்டார். கடைகளில் நாம் ‘கார்போரண்டம் கல்’ என்று கேட்டு வாங்கும்போது, கடல் கடந்து சென்று திரும்பிய ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் உச்சரிக்கிறோம்.

தொழில்களும் கருவிகளும்

தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடு நெல் விளையும் பூமி. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம். கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் உண்டு. அது தேய்ந்தால் கொல்லர்தான் மீண்டும் பல் வெட்டித் தரவேண்டும். பல் இல்லாத வெட்டுக்கத்திக்கும் பிச்சாத்திக்கும் வீட்டுத் தீட்டுக்கல்லே போதும். கல் இல்லாத வீடுகளில் கிணற்றடித் துவைகல்லே தீட்டுக்கல்லாகவும் பயன்பட்டது.

பனையேறியின் நிலை வேறு. பதநீர் சுரக்க, பாளையின் நுனியைத் தினமும் மெல்லிய சீவலாகச் சீவ வேண்டும். மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கிவிடும். சாறு வரும் துளைகள் அடைபட்டுச் சுரப்பு குறையும். கோடை மாதங்களில் மட்டுமே வருமானம் தரும் மரத்தில் ஒரு பாளை கெடுவது ஒரு குடும்பத்தின் சோற்றில் கைவைப்பதாகும். அதனால் பாளையரிவாளை வெறும் கல்லில் தீட்டுவதோடு நிறுத்துவதில்லை. வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லை நன்றாகப் பொடித்து, மரப்பலகையில் தூவித் தேய்த்து, வாயை மெல்லியதாக்குவர்.

மரத்தச்சருக்குக் கூர்மையோடு கல்லின் மட்டமும் முக்கியம். நடுவில் குழிந்த கல்லில் தீட்டினால் உளியின் வாய் வளைந்துவிடும். இழைப்புளி மரத்தைச் சமமாகச் சீவாது. பத்மநாபபுரம் அரண்மனையின் மரச்செதுக்கு வேலைகளை வியந்து பார்க்கும் மாணவர்கள், அவற்றுக்குப் பின்னால் மட்டமான தீட்டுக்கற்களும் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளலாம். மயிலாடிக் கற்சிற்பிகளின் உளிக்கு முறை வேறு. கடினப் பாறையைக் கொத்தி மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, நீரில் துவைத்துத் தோய்ச்சல் ஏற்றுவர்.

இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் வந்தது. இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் 1902-இல் பெரியாற்றங்கரைத் தட்டேக்காட்டில் தொடங்கப்பட்டது. பின்னர் குமரி மாவட்ட மலையடிவாரங்களிலும் ரப்பர் பரவியது. அரசு ரப்பர் கழகம் 1984-இல் அமைந்தது. பால்வெட்டும்போது பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் வளர்திசுவில் கத்தி படக்கூடாது. இடையில் விடவேண்டிய கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். மழுங்கிய கத்தியை அழுத்தி இழுப்பவர் மரத்தைக் காயப்படுத்துவார். காயம் ஆறிய இடம் முண்டும் முடிச்சுமாகி, மறுபடி வெட்ட உதவாது.

தண்ணீர் செய்யும் வேலை

தீட்டும்போது கல்லின் துகளும் இரும்பின் துகளும் உதிர்கின்றன. தண்ணீர் அவற்றை அகற்றி, புதிய கூரான துகள்களை மேலே கொண்டுவருகிறது; உராய்வால் எழும் சூட்டையும் தணிக்கிறது. நுண்துளைகள் உள்ள கல், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எனவே தீட்டுமுன் குமிழி அடங்கும்வரை அதை நீரில் ஊறவைப்பது வழக்கம். சில செயற்கைக் கற்கள் நெடுநேரம் ஊறினால் இளகிவிடும். அவற்றுக்கு மேலே நீர் தெளித்தால் போதும்.

உலர்த்தலும் பராமரிப்பும்

தீட்டி முடித்ததும் கல்லில் படிந்த கரிய சேற்றைக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு எல்லாப் பக்கமும் காற்றுப் படும்படி நிழலில் நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்பகுதி விரைவாகக் காயும், உள்ளே ஈரம் நிற்கும். சீரற்ற இந்தச் சுருக்கத்தால் விரிசல் விழலாம். அடுப்படியில் வைப்பது இன்னும் கேடு. அடுக்கடுக்கான இயற்கைக் கற்கள் ஏடு ஏடாகப் பிரியவும் கூடும். கியோட்டோ மலைகளில் வெட்டிய புகழ்பெற்ற கற்களைக் கொண்டு தீட்டும் ஜப்பானியரும் இவ்வாறு கவனமாகவே உலர்த்துகின்றனர்.

ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். உடன் வைத்த கருவி துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் கல் உலர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அதுவரை மூடாமல் இருப்பதே நல்லது. தண்ணீர் விட்டுத் தீட்டும் கல்லில் எண்ணெய் பட்டால் துளைகள் அடைபட்டு அது நீரை ஏற்காது. நடுவில் குழிந்த கல்லை, மட்டமான மற்றொரு கல்லில் மணலும் நீரும் இட்டுத் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

இன்றைய நிலை

இன்று மின்விசைச் சாணை பல இடங்களில் தீட்டுக்கல்லின் வேலையை எடுத்துக்கொண்டது. அது விரைவானது, ஆனால் தண்ணீர் இல்லாமல் அழுத்திப் பிடித்தால் கத்தியின் வாய் நீலநிறமாகும். அந்த நிறம் எழுவது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில். அதற்குள் கொல்லர் ஏற்றிய தோய்ச்சல் இறங்கி, வாய் மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட கத்தி எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நிற்காது. பனையேறிகளும் குறைந்துவருவதால் பலகையும் கல்பொடியும் அருகிவருகின்றன.

வீட்டில் ஒரு பழைய தீட்டுக்கல் கிடந்தால் எறிந்துவிடாமல், கழுவி நிழலில் உலர்த்தி வைக்கலாம். அதைப் பயன்படுத்தத் தெரிந்த முதியவர் ஒருவர் அருகில் இருந்தால், அவரிடம் மாணவர்கள் நேரில் கேட்டு எழுதி வைப்பது வட்டார வரலாற்றுக்கு நல்ல பணியாகும்.