ஏரியின் காலத்தை அறிவது எவ்வாறு?

வானம் பார்த்த பூமியில் வாழ்வோர் தம் ஊர் ஏரி ஆயிரமாண்டுப் பழமையுடையது எனப் பெருமையுடன் கூறுவர். பெருமை சான்றாகாது. கரையை மட்டும் நோக்கிக் காலம் கணிப்பதும் பிழையே. உடைந்த கரையைப் பிற்காலத்தார் மீண்டும் கட்டியிருப்பர்.

சௌராட்டிரத்து ஜுனாகட் பாறைக் கல்வெட்டு இதனைத் தெளிவாக்கும். சந்திரகுப்த மௌரியன் காலத்தில் அமைந்த சுதர்சன ஏரி ஏறத்தாழக் கி.பி. 150-இல் புயலால் உடைய, உருத்திரதாமன் அதனைச் செப்பனிட்டான்.

தமிழகத்தில் அரக்கோணத்துக்கு அண்மையிலுள்ள மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குகைக்கோயிலைக் குடைவித்தான். அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்தது என அங்குள்ள கல்வெட்டுக் கூறுகிறது. அவன் கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவன். ஆகவே, அவன் காலத்திலேயே அவ்வேரி இருந்தமை உறுதி.

பாறையிலும் மதகிலும் பொறித்த எழுத்தே ஏரியின் பிறப்புப் பத்திரம். அக்கல்லைப் பெயர்த்துப் படிக்கல்லாக இடுவோர் ஊரின் வரலாற்றையே அழிப்போராவர்.