முதல்நாள் சமையல்: மாத்தளைத் தோட்டங்களின் அடுப்படி வரலாறு

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் முதல்நாளே சமைத்து வைத்து மறுநாள் சூடாக்கி உண்ணும் வழக்கம் குளிர்சாதனப் பெட்டியோடு வந்ததன்று. அதை வேரூன்றச் செய்தது வேலை நேரமே. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, கங்காணிகளின் பின்னால் தம்புள்ளை, நாலந்தா வழியாகப் பல நாள் நடந்து மாத்தளையை அடைந்தனர். அந்த நடையில் இரவுத் தங்கலில் வடித்த சோறே நீரூற்றப்பட்டு விடியற்கால உணவாகவும் பயன்பட்டிருக்கும் என்று கருத இடமுண்டு.

1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், மலைச்சரிவுகளில் தேயிலையும் தாழ்ந்த பகுதிகளில் கொக்கோவும் ரப்பரும் பரவின. வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிவது தளர்ந்துவிடும் என்பதால், ரப்பர் பால் வெட்டு விடியலிலேயே தொடங்க வேண்டியதாயிற்று. தேயிலைத் தோட்டத்திலோ 'பெரட்டு' எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்குள் வந்து சேராதவருக்கு அன்றைய பெயர், அதாவது நாட்கூலிக் கணக்கு, விழாது. ஆகவே, லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் காம்பராவில் (அறையில்) இருந்த ஒற்றை அடுப்பில் இரவில் செய்யும் சமையலே காலைக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

எது தாங்கும், எது தாங்காது என்பதைப் பெண்கள் துல்லியமாக அறிந்திருந்தனர். தேங்காய்ப்பால் கறி வெப்பமான இரவில் விடிவதற்குள் புளித்துவிடும். புளிக்குழம்போ இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் கொதிக்க வைத்தால் கெடாமல் நிற்கும். மீந்த குழம்பையும் காய்களையும் ஒரே சட்டியில் சேர்த்து நீர் வற்றும்வரை சுண்டவைத்தபோது, புளியும் உப்பும் செறிந்து கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தன. சுவையும் கூடியது என்பதை உண்டவர் எவரும் மறுக்கமாட்டார். நீரில் ஊறிய சோற்றைக் காத்தது இலேசான புளிப்பேற்றமே. நீரின்றி மூடிவைத்த சோற்றில், வேகும்போது அழியாத சில நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்கக்கூடும்; அந்நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் நீங்காது. ஓரிரவுக்கு மேல் நீண்டகாலம் வைப்பதற்கோ, அயலிலிருந்த சிங்களக் கிராமத்தார் பலாச்சுளையைக் கொதிநீரில் அவித்து வெயிலில் உலர்த்தி, மாதக்கணக்கில் வைத்திருந்தனர்.

1942இல் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்து அரிசி வரத்து நின்றதும், பங்கீட்டில் கோதுமை மா இடம்பிடித்தது. பஞ்சத்தின் மாற்றாக வந்த ரொட்டி தோட்டத்தின் அன்றாட உணவாகவே நிலைத்துவிட்டதற்குப் பற்றாக்குறை மட்டும் காரணமன்று. இரவில் சுட்டதைக் காலையில் தணலில் வாட்டித் துணியில் சுற்றினால், கொழுந்து மலைக்கு எடுத்துச் செல்ல அது சோற்றைவிட எளிது. தொட்டுக்கொள்ளும் தேங்காய்ச் சம்பலை மட்டும் அன்றன்று அரைத்தாக வேண்டும்.

1977இன் இறக்குமதித் தளர்வுக்குப் பின் நகர வீடுகளில் குளிர்சாதனப் பெட்டிகள் பெருகின. லயங்களுக்கு மின்சாரமே தாமதமாகத்தான் வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணிநேரத்தை எட்டியபோது, எரிவாயுவும் கிடைக்காத நிலையில், உறைந்த மீனும் இறைச்சியும் இளகத் தொடங்கிய வீடுகளில் அவற்றை உடனே சமைத்து, விறகடுப்பில் மீண்டும் மீண்டும் கொதிக்கவைப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.